தூக்குச்சட்டி வாங்கி ஒரு வருடம் ஆகிறது

போன ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம், திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடையில் இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்றும் மூன்றடுக்கு கேரியர் ஒன்றும் வாங்கினேன். தூக்கு 780 ரூபாய், கேரியர் 1,350. வாங்கின மறுநாளே எழுதுகிற மதிப்புரையில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதனால் ஒரு வருடம் புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எதற்காக வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் பாத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை.

காரணம் என் மதினி. அப்போது அவர்களுக்கு மூன்றாவது மாதம். வாந்தி ஓயவில்லை, வீட்டில் தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் போடுகிற சொதி மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் வாங்கி வருவான். தேங்காய்ப்பால் ஆவி பறக்கப் பறக்க, ஒரு மெல்லிய கவரில் ஊற்றி, நூல் சுற்றிக் கட்டித் தருவார்கள். வீடு வந்து சேரும்போது அந்தக் கவர் சூட்டில் தொளதொளவென்று ஆகியிருக்கும். ஒருநாள் அதைப் பிரித்துக் கிண்ணத்தில் ஊற்றும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. நான் விலங்கியல் படித்தவள், வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் இரண்டு வருடம் செல் வளர்க்கிற வேலை பார்த்தவள். சூடு, எண்ணெய்ப் பசை, எலுமிச்சைப் புளிப்பு, கர்ப்பிணிப் பெண், பிளாஸ்டிக் என்று எல்லாம் ஒரே மேசையில் இருந்தது. மறுநாளே டவுனுக்குப் போனேன்.

வாங்கின தூக்கு மூன்றாம் நாளே ஒழுகியது. காது வைத்து அடித்த ரிவிட் பக்கம் ஊசி முனை அளவுக்கு இடைவெளி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்திருந்த பை முழுக்கச் சொதி. திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி பில்லைக் கேட்கவில்லை. தூக்கில் தண்ணீர் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். "ஒழுகுத பாத்திரத்த வித்துட்டு நான் எப்படிம்மா கல்லாவுல உக்காந்திருக்க முடியும், வேற எடுத்துக்கிடுங்க" என்றார். இரண்டாவது தூக்கில் அவரே தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். கடைக்கு இதற்காகவே முழு மதிப்பெண்.

அது வெளிப்பக்கம் ஒழுகின பாத்திரம், கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. உள்பக்கம், நாம் சாப்பிடுகிற பொருளுக்குள்ளேயே ஒழுகுகிற பாத்திரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கண்டுபிடித்த கதையே ஆய்வகங்களில் தற்செயலாக நடந்ததுதான். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதமே எனக்குச் சொல்லித்தந்த கதை இது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற இரண்டு பேர் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்து வந்தார்கள். எம்சிஎஃப்-7 என்கிற அந்தச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஈஸ்ட்ரோஜனைச் சுத்தமாக நீக்கிய சீரத்தில் (செல் வளர்வதற்காகச் சேர்க்கிற ரத்த நீர்) வைத்திருந்தும் திடீரென்று எல்லாத் தட்டிலும் செல்கள் பெருக ஆரம்பித்தன. யாராவது ஹார்மோனைச் சிந்திவிட்டார்களா என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். கடைசியில் பிடிபட்டது சீரம் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய். தயாரித்த நிறுவனம் குழாயின் கலவையை மாற்றியிருந்தது, என்ன சேர்த்தோம் என்று சொல்லவும் மறுத்துவிட்டது. இவர்களே பிரித்தெடுத்துப் பார்த்ததில் அது நானைல்பீனால், ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிற ஒரு ரசாயனம். 1991-ல் அதை வெளியிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு குழு. ஈஸ்ட் ஒரு ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது என்று நினைத்துத் தேடினார்கள், பார்த்தால் அது ஈஸ்ட்டிலிருந்து வரவில்லை. கிருமி நீக்க ஆவியில் வைத்த பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் குடுவையிலிருந்து தண்ணீரில் இறங்கிய பிஸ்பீனால் ஏ அது, அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். 1998-ல் கிளீவ்லாந்தில் பாட்ரீஷியா ஹன்ட் என்ற ஆய்வாளரின் எலிகள். எந்த மருந்தும் கொடுக்காத, ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்திருந்த எலிகளின் முட்டைச் செல்களில் குரோமோசோம் கோளாறு வழக்கமாக நூற்றுக்கு ஒன்று இரண்டுதான் இருக்கும், அது திடீரென்று 40 ஆனது. கூண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் யாரோ தரை கழுவுகிற காரமான சோப்பைப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், பாலிகார்பனேட் அரித்துப் பிஸ்பீனால் ஏ தண்ணீரில் இறங்கிவிட்டது. மூன்று கதையிலும் குற்றவாளி பாத்திரம். சூடு, காரம், நாள்பட்ட உரசல், இவ்வளவு போதும்.

செல் வளர்த்த யாரும் இதில் அலட்சியமாக இருக்க முடியாது. நாங்கள் வளர்ப்புத் திரவத்தில் நிறம் காட்டுவதற்காகச் சேர்க்கிற பீனால் ரெட் சாயமே லேசாக ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். அதனால் ஹார்மோன் சோதனை என்றால் சாயம் இல்லாத திரவம், கரித்தூளில் வடித்த சீரம் என்று அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வோம். தட்டில் இருக்கிற செல்லுக்கு அவ்வளவு பத்திரம் பார்த்துவிட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கவரில் கொதிக்கிற சொதியைக் கொடுப்பதா என்பதுதான் அன்றைக்கு எனக்கு உறுத்தியது.

சரி, உள்ளே போய் அது என்ன செய்யும்? பாளையங்கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தண்ணீர் கால்வாயில் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் எந்த வயலுக்கு என்றைக்கு மடை திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனுக்கென்று ஒரு ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஹார்மோன் வந்து அதில் உட்கார்ந்தால், இரண்டும் சேர்ந்து டிஎன்ஏ மேல் போய் ஒட்டி, சில மரபணுக்களைத் திறந்துவிடும். அந்த இடத்தில் பிஸ்பீனால் ஏயும் உட்காரும். நம் உடம்பின் சொந்த ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடையாலை விடப் பல மடங்கு பலவீனமாகத்தான் உட்காரும், ஆனால் ஹார்மோன்கள் வேலை செய்வதே மிகமிகச் சின்ன அளவில்தான். மடையைத் திறப்பது மட்டும் இல்லை, அடைப்பதும் உண்டு. டிடிடி பூச்சிமருந்து உடம்பில் சிதைந்து உண்டாகிற டிடிஇ, ஆண் ஹார்மோனுக்கான ஏற்பியில் போய் உட்கார்ந்து வழியை மறித்துக்கொள்ளும். பிவிசியை வளைய வைப்பதற்குச் சேர்க்கிற சில தாலேட்டுகள் வேறு மாதிரி. கர்ப்பத்தில் இருக்கிற ஆண் எலிக்குட்டியின் விதைப்பையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிற லைடிக் செல்களிலேயே உற்பத்தியைக் குறைத்துவிடும்.

எந்த நாளில் வந்தது என்பதுதான் இதில் பெரிய விஷயம். நாற்றுப் பாவின அன்றைக்கு மடை உடைந்தால் விதை போச்சு, கதிர் முற்றின வயலில் அதே தண்ணீர் அவ்வளவு கெடுதல் செய்யாது. சார்லஸ் டாட்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் 1936-லேயே பிஸ்பீனால் ஏ ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிறது என்று சொன்னார். அவரே 1938-ல் அதைவிடச் சக்தியான டிஇஎஸ் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் அதைக் கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1971-ல் பார்த்தால், அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய். அப்புறம்தான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். மதினிக்கு மூன்றாவது மாதம் என்பது ஏன் என்னைப் பதற வைத்தது என்று இப்போது புரியும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெஸ்ஸில் கட்டித் தருகிற கவர் பெரும்பாலும் பாலித்தீன். பிஸ்பீனால் ஏ அதன் மூலப்பொருள் கிடையாது. அது கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கிற பாலிகார்பனேட்டில் வரும், உணவு டின்களின் உள்பூச்சில் வரும். ஆனால் பாலித்தீனிலும் கெடாமல் இருக்க, ஒட்டாமல் இருக்க, நிறம் வர என்று ஏதேதோ சேர்க்கிறார்கள், மறுசுழற்சி பிளாஸ்டிக் என்றால் எதில் என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. பேப்பர் கப்பில் டீ வாங்கினால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கரக்பூர் ஐஐடியில் பார்த்தபோது 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் அப்படிப்பட்ட கப்பில் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் இறங்கியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கின்றன. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலே கிடைக்கிறது.

விலங்குகளைப் பற்றியும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிரிட்டனில் கழிவுநீர் சுத்திகரித்து விடுகிற ஆறுகளில் ஆண் மீன்களின் ஈரல் செல்கள் முட்டைக்கரு புரதத்தைச் செய்துகொண்டிருந்தன. அந்த மரபணு ஆணிடமும் உண்டு, மூடிக் கிடக்கும், ஆற்றில் வந்த ஹார்மோன் சாமான்கள் அதைத் திறந்துவிட்டன. ஃபுளோரிடாவில் அபோப்கா ஏரியில் பூச்சிமருந்து கொட்டின பிறகு ஆண் முதலைக் குட்டிகளின் ஆணுறுப்பே சிறுத்துப் போனது. பொதிகையில் சுத்தமாகப் புறப்படுகிற தாமிரபரணி நம் ஊருக்குள் வரும்போது சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது, குறுக்குத்துறையில் குளிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த மீன்களின் ஈரலையும் யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு தூக்குச்சட்டி என்ன செய்துவிடும் என்று அண்ணன் கேட்டான். செய்யும். பிஸ்பீனால் ஏ உடம்பில் தங்குவது சில மணி நேரம்தான், சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக வருவதால்தான் எப்போது பார்த்தாலும் இருக்கிறது. 2011-ல் வெளியான ஒரு ஆய்வில் ஐந்து குடும்பம், இருபது பேருக்கு மூன்று நாள் மட்டும் டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் வராத சாப்பாடு கொடுத்தார்கள். சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. மூன்றே நாள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் அதற்கான தினசரி வரம்பைப் பழையதிலிருந்து 20,000 மடங்கு குறைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி குறைகள். தூக்கில் சூடு நிற்காது, பாளையிலிருந்து சமாதானபுரம் வருவதற்குள் வெளிப்பக்கம் கை வைக்க முடியாது, வீட்டுக்கு வந்து அரை மணியில் ஆறிவிடும். சொதி ஆறினால் திரும்பச் சூடு பண்ணுவது கஷ்டம், தேங்காய்ப்பால் திரிந்துவிடும். கொதிக்கிறதை ஊற்றி உடனே மூடினால் ஆறினதும் மூடி கவ்விப் பிடித்துக்கொள்ளும், விளிம்பை லேசாக வெந்நீரில் காட்டினால் திறக்கும். கேரியரின் நடு அடுக்கு மற்ற இரண்டைவிடத் தகடு மெல்லிசு, தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். இதை வாங்கும்போது நான் கவனிக்கவில்லை, அண்ணாச்சியும் சொல்லவில்லை. அரை மதிப்பெண் இதற்குக் குறைக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: அடியில் எவர்சில்வரின் ரகம் 304 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சொல்வார்கள், அது சரியில்லை, நிக்கல் குறைந்த மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மூடிக்குள் ரப்பர் வளையம் இல்லாத தூக்கே எடுங்கள், அல்லது சிலிக்கான் வளையமா என்று கேளுங்கள். புதுப் பாத்திரத்தில் முதல் நாளே புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், கஞ்சித்தண்ணி ஊற்றி இரண்டு தடவை கொதிக்க வைத்துப் புழங்குங்கள். எல்லாக் கடையிலும் பிபிஏ ஃப்ரீ, அதாவது பிஸ்பீனால் ஏ இல்லாதது, என்று ஸ்டிக்கர் ஒட்டின பிளாஸ்டிக் டப்பாவை நீட்டுவார்கள். பிஸ்பீனால் ஏவுக்குப் பதிலாகச் சேர்க்கிற பிஸ்பீனால் எஸ்ஸும் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது, அதனால் அந்த ஸ்டிக்கருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மெஸ் அக்கா முதல் நாள் தூக்கை நீட்டினதும், "இதுல அளவு எப்படிம்மா தெரியும்" என்று யோசித்தார். ஒரு டம்ளர் கணக்கு வைத்துக்கொண்டோம். இப்போது கவர் மிச்சம் என்று அரைக் கரண்டி கூடவே ஊற்றுகிறார். பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகிறது, மதினி இன்னமும் வெள்ளிக்கிழமை சொதி கேட்கிறார்கள். போன வாரம் அந்த மெஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் கையில் தூக்கு இருந்தது, ஒருவர் வைத்திருந்தது வெள்ளீயம் பூசின பழைய பித்தளைத் தூக்கு, அவர் ஆச்சியுடையதாம்.

தூக்குக்கு ஐந்துக்கு ஐந்து, கேரியருக்கு நாலரை. கடை ஞாயிறு மதியத்துக்கு மேல் கிடையாது. வாங்கும்போது தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.