டிராக்டர் டிரெய்லருக்கு எல்ஈடி லைட்டு மாத்தினது: லைட்டு எப்படி, கடை எப்படி, வயரிங் எப்படி

ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் டிராக்டர் வச்சிருக்கவங்க யாராச்சும் டிரெய்லர்ல பழைய பல்பு லைட்ட கழட்டிட்டு எல்ஈடி போடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா இதப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நான் குறுவை அறுப்புக்கு முன்னாடி மாத்தினேன், இப்ப சம்பா நெல்லும் ஏத்தி முடிச்சாச்சு, ஐப்பசி மழை, வயல் சேறு, மார்கழி பனி எல்லாத்துலயும் ஓடுன வண்டிய வச்சுதான் சொல்றேன்.

நம்ம பக்கம் ராத்திரி ரோட்டுல போற டிரெய்லர்ல பின்னாடி லைட்டு எரியுறதப் பாக்குறதே அபூர்வமா போச்சு. தை மாசம் விடியக்காலைல பனி கண்ண மறைக்கும், கொள்முதல் நிலையத்துல முன்னாடி எடம் புடிக்கணும்னு நெல்ல ஏத்திக்கிட்டு நாம உருட்டிக்கிட்டு போவோம், பின்னால டூவீலர்ல வர்ற புள்ளைக்கு வண்டி இருக்கறது தெரியுறப்ப பிரேக் புடிக்க எடம் இருக்காது. எத்தனை சாவு கேட்டுட்டோம் இப்படி. லைட்டு விஷயத்துல காசு பாக்காதீங்கன்னு கையெடுத்துதான் சொல்லணும்.

பழைய லைட்டுல என்ன பிரச்சனைன்னா, உள்ள இருக்கற 21/5 பல்புல ரெண்டு இழை இருக்கும், 5 வாட்ஸ் சும்மா எரியுறதுக்கு, 21 வாட்ஸ் பிரேக்குக்கு. வாய்க்கா கரைலயும் வரப்பு மேலயும் காலி டிரெய்லர் குதிக்கிற குதிக்கு அந்த இழை எத்தனை நாளைக்கு தாங்கும், அறுந்துரும். இல்லன்னா கண்ணாடி வெடிச்சு தண்ணி உள்ள போயி ஹோல்டர் பச்சை பூத்துப் போயிரும், புது பல்பு போட்டாலும் எரியாது. எல்ஈடில இழையே கிடையாது, அதனால அதிர்வுக்கு அசையாது. இன்னொன்னு, பழைய பல்பு சூடாகி முழு வெளிச்சம் வர கிட்டத்தட்ட 0.2 செகண்ட் ஆகும், எல்ஈடி மிதிச்ச உடனே எரியும். 60ல வர்ற பைக்கு அந்த 0.2 செகண்ட்ல 3 மீட்டருக்கு மேல வந்துரும், ஒரு ஆளு பொழைக்கறதுக்கு அந்த 3 மீட்டர் போதும்ங்க.

வாங்குனது தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைல. ஆன்லைன்லயும் பாத்தேன், வெலை கம்மியாதான் இருந்துச்சு, ஆனா மாட்டிக் குடுக்க ஆளு வேணுமே. நான் எடுத்தது மொத்தமா சீல் பண்ணுன செட்டு, டெயில், பிரேக், இன்டிகேட்டர் மூணும் ஒரே பெட்டில, 10லேந்து 30 வோல்ட் வரைக்கும் எதுலயும் எரியும், டிராக்டர் 12 வோல்ட்டுங்கறதால நமக்கு கவலையில்ல. ஐபி 67ன்னு போட்டது கேட்டு வாங்குங்க, தூசி உள்ள போகாது, ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள அரை மணி நேரம் கெடந்தாலும் தாங்கும்னு அதுக்கு அர்த்தம். நாம புதாத்துல (கல்லணைக் கால்வாய்) எறக்கி டிரெய்லர கழுவுற ஆளுங்க, அது நமக்கு வேணும். வெறும் எல்ஈடி பல்ப மட்டும் வாங்கி பழைய லைட்டுக்குள்ள சொருகுறது வேணாம், பல்புக்குப் பின்னாடி இருக்கற பளபள கிண்ணம் பல்பு இழைக்குன்னு செஞ்சது, எல்ஈடி வெளிச்சத்த அது சரியா பரப்பாது, அதுலயும் வெள்ளை எல்ஈடிய சிவப்பு கண்ணாடிக்குப் பின்னாடி போட்டா ரோஸ் கலருல வெளுத்துப் போயி தெரியும்.

இப்ப கடைக்காரர் பத்தி. அவரு லைட்ட விக்கிறதுக்கு முன்னாடி டிரெய்லருக்கு அடில படுத்துக்கிட்டாரு. படுத்தபடியே, "அண்ணே, லைட்டு எதுவேணா போடுங்க, எர்த்து சரியில்லன்னா காசு தெண்டம்ண்ணே"ன்னாரு. எர்த்துன்னா கரண்ட்டு திரும்பிப் போற வழி. பின்னாடி போயி நின்னு பாருங்கன்னு சொல்லிட்டு பிரேக்க மிதிச்சாரு, பிரேக் லைட்டு மங்கலா எரியுது, கூடவே இன்டிகேட்டரும் லேசா முணுக்குன்னு எரியுது. ரொம்ப நாளா அது பல்பு கோளாறுன்னுதான் நம்ம டிரைவரும் மெக்கானிக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. விஷயம் என்னன்னா டிரெய்லருக்கு தனியா எர்த்து வயரே இல்ல, கரண்ட்டு சேஸ் (அடில இருக்கற இரும்புச் சட்டம்) வழியா வந்து கொக்கி பின் வழியாதான் டிராக்டருக்குத் திரும்புது. கொக்கில கிரீஸும் துருவும் மண்ணும், வண்டி குலுங்குறப்ப தொட்டும் தொடாமலும் இருக்கும், அப்ப கரண்ட்டு வழி தேடி பக்கத்து பல்பு வழியா போவுது, அதான் இன்டிகேட்டர் முணுக்குன்னு எரிஞ்சது. இது தெரியாம எல்ஈடி போட்டா மினுக்கு மினுக்குன்னு அடிச்சுட்டு அணைஞ்சிரும், அப்புறம் எல்ஈடியே மட்டம்னு பேசுவோம்.

அதனால அவரு பழைய வயர மொத்தமா உருவிப் போட்டுட்டு ஏழு கோர் வயர் (ஒரே உறைக்குள்ள ஏழு வயரு) புதுசா இழுத்தாரு, ஏழு பின் சாக்கெட்டும் புதுசு, எர்த்துக்கு மட்டும் கொஞ்சம் தடியான வயரு, ரெண்டு லைட்டுக்கும் தனித்தனியா போயி சாக்கெட்டுல சேருது. ஜாயிண்ட்டு எல்லாத்தையும் ஈயம் வச்சு பத்த வச்சு, சுருங்குற டியூப் போட்டு சூடு காட்டுனாரு, வெறும் டேப் சுத்துற வேலையே இல்ல. கொட்டகைல எலி வயர கடிக்கிற கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுக்கு சேஸ் ஓரமா முக்கால் இஞ்சு இரும்பு பைப்ப வெல்டிங் வச்சு அதுக்குள்ள வயர விட்டாரு. பைப்பு வாயில ரப்பர் புஷ் சொருகி, வயர் உரசாத மாதிரி. இந்த ரப்பர் புஷ் அஞ்சு பத்து ரூவா பொருளு, ஆனா அத மறக்காத ஆளு கைல வண்டிய குடுக்கலாம்.

கரண்ட்டு விஷயம். பழைய பிரேக் பல்பு ரெண்டும் சேந்து 42 வாட்ஸ், 12 வோல்ட்டுக்கு மூணரை ஆம்பியர் இழுக்கும், எல்ஈடி செட்டு அதுல சின்ன பங்குதான் இழுக்குது. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு நிறுத்தி வச்சு ராத்திரி ரோட்டோரம் வரிசைல கெடக்கறப்ப பார்க்கிங் லைட்ட போட்டே விடலாம், காலைல செல்ஃப் அடிச்சா வண்டி கப்புன்னு புடிக்குது, பழைய பல்பு இருந்தப்ப ஆளுங்கள கூப்பிட்டு தள்ள வேண்டியிருந்துச்சு.

கொறை இல்லாம இல்ல. இன்டிகேட்டர் மொதல்ல நல்லாதான் அடிச்சுது, ஏன்னா டிராக்டர்ல இருந்தது பழைய 21 வாட்ஸ் பல்பு, அந்த லோடுக்கு பிளாஷர் (இன்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கிற பொருளு) ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் டிராக்டர் லைட்டையும் எல்ஈடியா மாத்துனதும் படபடன்னு வேகமா அடிக்க ஆரம்பிச்சுது, லோடு கொறைஞ்சா பல்பு போச்சுன்னு நெனச்சு பிளாஷர் அப்படித்தான் அடிக்கும். எல்ஈடிக்குன்னு எலக்ட்ரானிக் பிளாஷர் வருது, அதப் போட்டதும் சரியாச்சு, நீங்க டிராக்டரையும் சேத்து மாத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லி வாங்கிருங்க. ரெண்டாவது, செட்டோட வர்ற வயரு ரொம்ப பொடிசு, நீளமும் கட்டை, ஸ்க்ரூ மழைக்கே துரு ஏறிருச்சு, எவர்சில்வர் போல்ட்டு தனியா வாங்கிக்குங்க. மூணாவது, ஒரு எல்ஈடி வரிசை போனாலும் உள்ள பிரிச்சு பாக்க முடியாது, செட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான், அதனால பில்லு வாங்கி பத்திரமா வைங்க. எங்க சித்தப்பா வேற ஒரு எடத்துல மலிவா மாட்டுன லைட்டு ஒரு மழைக்கே உள்ள நீர் கோத்துக்கிட்டு நிக்குது, பில்லு இல்லாததால திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க.

வைக்கோல் ஏத்துறவங்களுக்கு ஒண்ணு. கட்டு ஏத்துனா பின் கதவு தாண்டி தொங்கும், எந்த லைட்டா இருந்தாலும் மூடிக்கும். அதுக்கு நான் ரெண்டு பக்கமும் பாடிக்கு வெளிய ஒரு சாண் தள்ளி ஆங்கிள் வெல்டிங் வச்சு லைட்ட அதுல மாட்டச் சொன்னேன், மேல ஒரு தகரத்த மடிச்சு கூரை மாதிரி, மூட்டை எறக்குறப்ப இடிக்காம இருக்கும். பின்னாடி சிவப்பு, பக்கத்துல மஞ்சள், முன்னாடி வெள்ளை ரிப்ளெக்டர் ஸ்டிக்கரும் அங்கயே ஒட்டிட்டாரு, ஒட்டுறதுக்கு முன்னாடி தின்னர் போட்டு துடைக்கச் சொல்லுங்க, இல்லன்னா உரிஞ்சிரும். கலர் கலரா ஓடுற சீரியல் லைட்டு, கண்ணக் கூசுற வெள்ளை லைட்டு பின்னாடி போடுறதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், பின்னால வர்றவனுக்கு எது பிரேக்குன்னே தெரியாது.

செட்டு ஆயிரத்தி சொச்சம், வயரு, பைப்பு, வெல்டிங், கூலி எல்லாம் சேந்து லைட்டு வெலையப் போல ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, எனக்கு அதுல வருத்தமில்ல. அஞ்சுக்கு நாலு ஸ்டார் லைட்டுக்கு, கடைக்காரர் வேலைக்கு அஞ்சும் குடுக்கலாம். போறவங்க டிராக்டரோட டிரெய்லரையும் மாட்டிக்கிட்டே காலைலயே போயிருங்க, அந்த சந்துல மத்தியானத்துக்கு மேல டிரெய்லர திருப்ப எடம் கெடைக்காது, அறுப்பு நேரத்துல கூட்டம் ஜாஸ்தி, அதனால ஆடிலயே போயி முடிச்சுக்குங்க.