பந்தில் கை பட்டால்: நடுவரின் கண்ணா, வி.ஏ.ஆர். திரையா?

துல்லியம்: 1986 கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதியில் மரடோனா கையால் தட்டிவிட்ட கோலும், 2009 நவம்பரில் பிரான்சின் ஹென்றியின் கையில் பட்டு அயர்லாந்தின் உலகக் கோப்பைக் கனவைக் கலைத்த கோலும் களநடுவரின் கண்ணுக்குத் தப்பியவை. வி.ஏ.ஆர். (வீடியோவைப் பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் முறை) இருந்திருந்தால் இரண்டும் செல்லுபடியாகியிருக்காது.

வேகம்: களநடுவர் உடனே விசிலடிப்பார். வி.ஏ.ஆரில் சரிபார்ப்பு முடியும்வரை கோலடித்தவரே கொண்டாடத் தயங்கி நிற்கிறார்.

நியாயம்: சிக்கல் இங்கேதான். 2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கார்னர் பந்து குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டதைத் திரையில் பார்த்த நடுவர் பிதானா, பிரான்சுக்குப் பெனால்டி கொடுத்தார். பந்து பட்டது உண்மை. அது குற்றமா என்பதில்தான் ரசிகர்கள் பிரிந்தார்கள். கை உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கியதா என்று கேட்கும் இன்றைய விதிக்கு மனிதரே விடை சொல்ல வேண்டும். மெதுவாக ஓடும் படமோ, தற்செயலையும் திட்டமிட்ட செயலாகக் காட்டிவிடுகிறது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் 2024இல் 19-1 என்ற வாக்கில் வி.ஏ.ஆரைத் தக்கவைத்தன, ரசிகர்களின் குரல் ஓங்கிய சுவீடன் லீக் அதை ஏற்கவில்லை. ஒரே கோல் நான்காண்டு உழைப்பை அழிக்கும் தகுதிச் சுற்றுக்கு வி.ஏ.ஆர். வேண்டும், வாராந்திர லீக்கின் ஆரவாரத்தையே பெரிதாக மதிப்பவருக்குக் களநடுவர் போதும்.