உப்புத் தண்ணீர் போர்வெல்லுக்கு 75 ஜிபிடி மெம்பரேன்: வாங்கலாமா?

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில் ஆர்.ஓ. மெஷின் இல்லாமல் ஆகாது. மெஷினுக்கு உயிர், உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் படலமான மெம்பரேன்தான். கடையில் அதிகம் போவது 1812 அளவு, 75 ஜிபிடி, அதாவது நாளுக்கு 75 கேலன்.

லிட்டரில் சொன்னால் நாளுக்கு 284. இது 25 டிகிரியில், உப்பு குறைந்த நீரில் போட்ட கணக்கு. டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 1,500 உள்ள போர்வெல் தண்ணீரில் உப்பின் எதிரழுத்தமே பம்பின் அழுத்தத்தில் சுமார் 15 பி.எஸ்.ஐ.யைத் தின்றுவிடும். அதனால் தண்ணீர் குறைவாகத்தான் விழும், அது பழுதல்ல. உப்பை நீக்குவதில் குறை சொல்ல முடியாது: 1,500 உள்ளே போனால் 75 அளவில் வெளியே வர வேண்டும். புது மெம்பரேன் மாட்டியதுமே 300 காட்டினால் மெம்பரேனைத் திட்டாதீர்கள். இரட்டை ஓ-ரிங் உள்ள முனை ஹவுசிங்கின் அடிவரை போய் உட்காரவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கழற்றி, ஓ-ரிங்கைத் தண்ணீரில் நனைத்து, திருகியபடி அழுத்துங்கள். முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

உண்மையான எதிரி சம்ப்பில் கொட்டும் பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரின். ஏன் என்பதற்குப் பதில் இந்தப் படலம் பிறந்த விதத்தில் இருக்கிறது. 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட் படலம் செய்தார்கள்; 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் அதில் வடித்த நீரைக் குடித்தது. அது ஓரளவு குளோரினைத் தாங்கும், ஆனால் கிருமி அரித்துவிடும். 1970களில் ஜான் கடாட் என்ற அமெரிக்க வேதியியலாளர் வேறு வழி பிடித்தார்; இன்றைய மெம்பரேன் அந்த வழியில் வந்ததுதான். துளையுள்ள பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக் தாளை டையமின் என்ற வேதிப்பொருள் கரைத்த நீரில் நனைத்து, மேலே ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்த ட்ரைமெசாயில் குளோரைடை ஊற்றினால், இரண்டும் தொடும் இடத்தில் நொடிகளில் பாலிஅமைடு தோல் படியும். தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உப்பைத் தடுப்பது அந்தத் தோல். குளோரின் போய்க் கடிப்பதும் அதிலுள்ள அமைடு பிணைப்பைத்தான். இவ்வளவு அழகான வேதியியலை ஒரு பிடி பிளீச்சிங்கில் கொல்வது வயிற்றெரிச்சல்.

ஆகவே மெம்பரேனுக்கு முன்பே குளோரினைப் பிடித்து நிறுத்தும் கார்பன் ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். அதைத் தாண்டி வரும் நீரில் குளோரின் டெஸ்ட் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சளானால் கார்பன் ஃபில்டரை அன்றே மாற்றுங்கள்.

தண்ணீரும் கூடி டிடிஎஸும் கூடினால் தோல் போய்விட்டது, மெம்பரேனை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் மட்டும் குறைந்தால் முதலில் மண், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், பிறகு பம்ப், கடைசியில் உப்புப் படிவு என்று பாருங்கள். கழிவு நீரை மிச்சம் பிடிக்க, அது வெளியேறும் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை இறுக்கினால் படிவு சீக்கிரம் ஏறும். அந்த நீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள்.

இரவு முழுக்க ஓடாத மெஷினில் காலையில் டிடிஎஸ் அதிகம் காட்டும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டில் டிடிஎஸ் 500க்குள் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம். கொதிக்க வைத்த தண்ணீர் போதும்.