காயலான் கடை டி.எஃப். செட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் உள்ள காயலான் கடைகளில் விசைப்படகுகளில் கழற்றிய பழைய பெட்டிகள் இன்னும் அவ்வப்போது வந்து விழும். என் டி.எஃப். செட்டும் அப்படி எடைக்கு வாங்கியதுதான். சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் ரிசீவர். ஜப்பான் தயாரிப்பு, 12 வோல்ட். மேலே கையால் சுற்றும் ஃபெரைட் தண்டு ஆண்டெனா, அதற்கு அடியில் 360 டிகிரி வளையம். "தம்பி, இதுல பாட்டெல்லாம் கேக்காதுப்பா" என்றார் கடைக்கார பாய். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் பிரமாதமாகக் கேட்டது, அது வேறு கதை.

பழைய வழிகாட்டி ரிசீவர் என்று எது கிடைத்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். கப்பல்களுக்கு வழி காட்டிய ரேடியோ அமைப்புகளில் ஒமேகா 1997-இல் நின்றது, பிரிட்டனின் டெக்கா 2000-இல், அமெரிக்காவின் லோரான்-சி 2010-இல். லோரான் ஓடிய காலத்தில் அதன் சீசியம் கடிகாரத் துல்லியத்தை வைத்து வெளிநாட்டு ஹாம்கள் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) தங்கள் 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரைச் சரிபார்த்தார்கள். இப்போது அந்த வேலையை ஜிபிஎஸ் பார்க்கிறது. அந்த ரகப் பெட்டிகள் தங்கள் நிலையத்தையே நம்பி இருந்தவை. நிலையம் போனால் மிஞ்சுவது கேபினட்டும் டிரான்ஸ்ஃபார்மரும்தான். டி.எஃப். செட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, காற்றில் ஏதாவது ஒரு சிக்னல் இருந்தால் போதும்.

இதன் பலம் காது அல்ல, செவிடு. ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கியதும் ஒலி சட்டென்று அடங்கும். உச்சம் மழுங்கலாக இருக்கும், அடங்கும் இடமோ ஓரிரு டிகிரிக்குள் கச்சிதம். எனக்குத் திருச்சி கிட்டத்தட்ட நேர் மேற்கு, பகலில் வளையமும் அதையே காட்டுகிறது. பொழுது சாய்ந்து வான்அலை (மேலே பட்டுத் திரும்பி வரும் அலை) கலந்துவிட்டால் அடங்கும் இடம் அலைபாயும். ராத்திரியில் எடுத்த திசையை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

நான் அதிகம் கேட்பது 518 கிலோஹெர்ட்ஸ். பரங்கிப்பேட்டை நிலையத்தின் நேவ்டெக்ஸ், கடலில் இருப்பவர்களுக்கான வானிலை எச்சரிக்கை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிட நேரம் ஒதுக்கீடு. பி.எஃப்.ஓ.வைப் (சிக்னலைக் காதில் விழும் ஒலியாக்கும் சர்க்யூட்) போட்டு ஆடியோவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் எழுத்து வரிவரியாக ஓடும். நிலையம் எனக்கு வடக்கே, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் மேற்கே. தண்டைக் கிழக்கு மேற்காக வைத்தால் இரைச்சல் அமுங்கி, பரங்கிப்பேட்டை முழு பலத்தில் நிற்கும். விலை உயர்ந்த ஹாம் ரிக் (ரேடியோ செட்) இருந்தும் நீளக் கம்பி ஆண்டெனாவில் இது எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம் இரைச்சல் வேட்டை. ஹாம்கள் பேசும் 80 மீட்டர் அலைவரிசையில் சாயங்காலமானால் ஒரு கரகரப்பு, சிக்னல் பலம் காட்டும் எஸ்-மீட்டர் ஒன்பதைத் தொடும். செட்டையும் ஒரு பேட்டரியையும் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓரிடம், வயல் பாதையில் ஓரிடம் என்று திசை எடுத்தேன். இரண்டு கோடுகளும் ஒரு இறால் பண்ணையின் விளக்குக் கம்பத்தில் வெட்டின. அதன் எல்இடி டிரைவரை (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்) மாற்றினார்கள், கரகரப்பு போனது. பண்ணைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், ஆனால் நான் சொன்னதை நம்பினாரா என்பது சந்தேகம்தான். 80 மீட்டரில் பேசுபவர்களின் திசையை மட்டும் கேட்காதீர்கள். தலைக்கு மேலிருந்து இறங்கும் சிக்னலில் ஒலி அடங்கவே அடங்காது.

2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு பல நாள் கரண்ட் இல்லை. டிராக்டர் பேட்டரியில் ஓட்டினேன். மோட்டார் இல்லை, எல்இடி இல்லை, இன்வெர்ட்டர்களும் செத்துவிட்டன. வழக்கமாக இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும் விமான நிலைய பீக்கன்கள் (விமானங்களுக்குத் திசை காட்டும் சிக்னல்கள்) பட்டப்பகலில் மோர்ஸில் தெளிவாகக் கேட்டன. செட்டில் குறை என்று நான் நினைத்ததில் பாதி ஊர் இரைச்சல்தான்.

குறைகளும் உண்டு. உப்புக்காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் சுரண்டி, காண்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் அத்தனையும் மாற்றினேன். டயல் கொஞ்சம் நகரும். எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போட்டால் அதன் இரைச்சலே உள்ளே வரும், பேட்டரிதான் சரி.

கடைக்குப் போகும்போது கையில் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி கொண்டுபோங்கள். பகலில் திருச்சியைப் பிடித்து ஆண்டெனாவைச் சுற்றிப் பாருங்கள். ஒலி அடங்கினால் வாங்கலாம். அடங்கவில்லை என்றால் ஆண்டெனா கம்பிச்சுருள் போயிருக்கலாம், இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.