அண்ணாவை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருக்கும் கடை

சிங்கப்பூரின் தேக்காவில், மளிகைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் பழைய தமிழ்ப் புத்தகக் கடைக்கு இந்த ஆண்டு மூன்று முறை சென்று வந்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பேரறிஞர் அண்ணாவின் அரசியல் வாழ்க்கையைப் பிறருடைய புகழுரைகளின் வழியாக அல்லாமல், அவரே பேசியதையும் எழுதியதையும் கால வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையே என்னை அங்கே கொண்டு சேர்த்தது.

அந்த ஆசைக்கு இந்தக் கடை பெரிதும் ஈடு கொடுத்தது. மற்ற கடைகளில் பதிப்பகத்தையோ புத்தகத்தின் அளவையோ பார்த்து அடுக்குவார்கள். இங்கே கடைக்காரர் ஒவ்வொரு நூலிலும் பென்சிலால் ஆண்டு எழுதிய சீட்டு ஒன்றைச் செருகி, அந்த வரிசையிலேயே நிறுத்தியிருக்கிறார். இடக்கோடியில் நீதிக்கட்சிக் காலம் தொடங்குகிறது. அடுத்து, அக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 சேலம் மாநாடு வருகிறது. அதன் பிறகு 1947. விடுதலை நாளைத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது, அது மகிழ்ச்சிக்குரிய நாளே என்று அண்ணா வெளிப்படையாக மாறுபட்டு எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த நூலை எடுத்தால், 1949 செப்டம்பரில் சென்னை இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது திடீரென்று நேர்ந்ததாகத் தோன்றாது. பிரிந்து வந்த பிறகும் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டுவிட்டுப் பொதுச்செயலாளராக மட்டுமே இருந்தவரின் மனநிலையை, இந்த வரிசையில் படிக்கும்போதுதான் நான் சரியாக உணர்ந்தேன்.

பழைய பிரதிகளில் பலவும் சிங்கப்பூரிலேயே இருந்தவை; வீடு மாறும் குடும்பங்கள் கொடுத்துவிட்டுப் போனவை என்று கடைக்காரர் சொன்னார். நான் கையில் எடுத்த ஐம்பதுகளின் சொற்பொழிவுச் சிறுநூல் ஒன்றில் கம்பித் தையல் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் இரண்டு பழுப்புக் கோடுகளை விட்டிருந்தது. அட்டையில் பெயர் அழிந்துபோன ஒரு படிப்பகத்தின் ரப்பர் முத்திரை இருந்தது. “முழுசா விரிக்காதீங்க தம்பி, முதுகு விட்டுடும்” என்று சொல்லி, ஒரு மரப்பலகையைச் சாய்வாக வைத்து அதன்மேல் புத்தகத்தைக் கிடத்திக் கொடுத்தார் அவர். 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கிய ஊர் இது. அண்ணா 1965இல் நேரில் வந்து சென்ற ஊரும் கூட. இத்தகைய நூல்களைக் கைமாற்றிப் படித்த தலைமுறையின் விரல் தடங்களை அந்தத் தாளில் பார்த்தபோது மனம் நெகிழ்ந்தது.

குறை 1962, 1963ஆம் ஆண்டுகளில் இருக்கிறது. என் பார்வையில் அண்ணாவின் அரசியல் வாழ்க்கைக்கு அச்சாணி அந்த இரண்டு ஆண்டுகள்தாம். 1957இல் 15 இடங்களை வென்ற கட்சி 1962இல் 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் தலைவரோ சொந்தத் தொகுதியான காஞ்சிபுரத்தில் தோற்றார். பின்னர் மாநிலங்களவைக்குச் சென்று திராவிட நாட்டுக்காக வாதாடினார். சீனப் போரை அடுத்து, பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்க இயலாதபடி 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தபோது, அந்தக் கோரிக்கையையே கைவிட்டார். இதை விளக்கும் தொகுதிக்கு நான் முன்பணம் கொடுத்தேன். மூன்று வாரத்தில் வரும் என்றார்கள், ஏழு வாரம் ஆயிற்று. வந்த பிரதியிலும் சரியாக அந்த இடத்தில் 16 பக்கங்கள் விடுபட்டு, அதற்கு முந்தைய பக்கங்களே மறுபடியும் தைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் தயங்காமல் வேறு பிரதி வரவழைத்துக் கொடுத்தார், கூடுதல் பணமும் கேட்கவில்லை. ஆனாலும் விற்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆட்சிக் காலத்துக்கான பகுதி சிறியது. ஆட்சியே இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவானதுதானே. 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சரானவர் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருமொழிக் கொள்கை, தமிழ்நாடு என்ற பெயர் மாற்றம் ஆகியவை பற்றிய சட்டமன்றப் பேச்சுகள் நல்ல பதிப்பில் கிடைக்கின்றன. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைப் பற்றி உருப்படியாக ஒரு நூலும் இல்லை. தேர்தல் வாக்குறுதியில் எவ்வளவு நிறைவேறியது என்று எடைபோட விரும்புவோருக்கு அது பெரிய இழப்பு.

விலை நியாயமானதே, மூன்று தொகுதிகளுக்கும் ஒரு சிறுநூலுக்குமாக 74 வெள்ளி கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசவே முடியாது. வார நாளில் பிற்பகல் சென்றால் கடைக்காரரே பலகையை எடுத்து வைத்து, எந்த ஆண்டு வேண்டும் என்று கேட்பார்.