‘தேர்ட் பார்ட்டி லென்ஸ் அப்படித்தான்’ என்று சொல்லும் கடையிடம் எச்சரிக்கை

கொழும்பில் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். காலி வீதியில் உள்ள ஒரு கமராக் கடை என்னிடம் காட்டிய வித்தையை நாளை உங்களிடமும் காட்டக்கூடும்.

திருமணங்களும் நடன அரங்கேற்றங்களும் எடுப்பவன் நான். மண்டபத்தின் பின்வரிசையில் நின்று, மேடை வெளிச்சத்தை மட்டும் நம்பி, ஆடும் பிள்ளையின் முகபாவத்தைப் பிடிப்பதற்கு 70-200 எஃப் 2.8 லென்ஸ் வேண்டும்; தூரத்தைக் கிட்ட இழுக்கவும், துவாரத்தை அகலத் திறந்து (அதுதான் எஃப் 2.8) குறைந்த வெளிச்சத்தில் எடுக்கவும் கூடியது. கமராக் கொம்பனியான நிக்கோன் தன் சொந்த லென்ஸை 2016இல் அறிவித்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 2,800 டொலர். மறு ஆண்டு வந்த டாம்ரோன் ஜி2 என்ற அதே வகை லென்ஸ் ஏறக்குறைய 1,300 டொலர். இப்படிக் கமராக் கொம்பனி அல்லாத வேறு நிறுவனம் செய்வதைத்தான் தேர்ட் பார்ட்டி லென்ஸ் என்பார்கள். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டாம்ரோனை எடுத்தேன். அந்தத் தெரிவு சரியானதென்றே இப்போதும் சொல்வேன்.

“புத்தம் புதியது தம்பி, பெட்டி பிரிக்காதது, மூன்று வருட உத்தரவாதம்” என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் அரங்கேற்றத்திலேயே விஷயம் வெளிப்பட்டது. 200 மில்லிமீற்றரில், எஃப் 2.8இல் எடுத்த ஒவ்வொரு படத்திலும் வலப்பக்கம் குழைந்திருந்தது. இடப்பக்கத்தில் நட்டுவாங்கம் செய்த ஆசிரியையின் கைத்தாளம் வரை தெளிவு. வலப்பக்கத்தில் வயலின்காரருக்குக் கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கலந்திருந்தன.

கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. “தேர்ட் பார்ட்டி லென்ஸ் என்றால் அப்படித்தான் தம்பி. கூர்மை வேண்டுமென்றால் கமராக் கொம்பனியின் லென்ஸைத்தான் எடுக்க வேண்டும்” என்றார். சொல்லி வாய் மூடுமுன் அலுமாரியிலிருந்து பழைய நிக்கோன் லென்ஸ் ஒன்று மேசைக்கு வந்துவிட்டது. என்னுடையதை அறுபது வீத விலைக்கு எடுத்துக்கொள்வாராம்; மிச்சத்தை நான் போட வேண்டுமாம். மறுத்தபோது, ரசீதின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற முத்திரையை விரலால் தட்டிக் காட்டினார்.

நண்பர் ஒருவரிடம் இதே டாம்ரோன் இருக்கிறது. இரண்டையும் ஒரே முக்காலியில் மாற்றி மாற்றிப் பொருத்தி ஒரே செங்கற்சுவரை எடுத்தோம். அவருடையதில் நான்கு மூலைகளும் ஒரே அளவில் தெளிவாக இருந்தன. பிறகு என் லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தோம். உள்ளே ஓரமாகப் பூஞ்சண இழைகளின் தடம். கமராவில் பூட்டும் உலோக வளையத்தின் திருகாணித் தலைகளில் கீறல். லென்ஸில் பொறித்த தொடர் இலக்கம் ஒன்று, பெட்டியில் இருந்த இலக்கம் வேறொன்று. கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த ஒரு பழைய லென்ஸை யாரோ கழற்றித் துடைத்து, கண்ணாடி ஒன்றை அச்சு விலகப் பூட்டி, பெட்டிக்குள் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

தேர்ட் பார்ட்டி லென்ஸ்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் முறையை அனுமதியின்றித் தாமே ஆராய்ந்து செய்த லென்ஸ்கள், புதிய கமரா வந்ததும் முரண்டு பிடிப்பதுண்டு. சிக்மா என்ற தேர்ட் பார்ட்டி நிறுவனத்தின் பழைய லென்ஸ்கள் சில, பின்னால் வந்த கெனன் டிஜிட்டல் கமராக்களில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டன. ஜி2 போன்றவற்றின் மென்பொருளைக் கணினியில் இணைத்துப் புதுப்பிக்கலாம் என்பதால் தொல்லை இப்போது குறைவு. சோனி 2011இலேயே தன் ஈ-மவுண்ட் (கமராவில் லென்ஸ் பூட்டும் அமைப்பு) விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. கெனனோ ஆர்எஃப் மவுண்டில் சிக்மாவுக்கும் டாம்ரோனுக்கும் 2024இல்தான், அதுவும் சிறிய உணரி கொண்ட ஏபிஎஸ்-சி வகைக்கு, வழிவிட்டது. வாங்குமுன் கேட்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான். ஒரு பக்கம் மட்டும் மங்குவது பொருத்தக் கோளாறு அல்ல, கண்ணாடி இடம் விலகியதன் அடையாளம். கமராக் கொம்பனியின் லென்ஸைக் கழற்றித் தவறாகப் பூட்டினாலும் அதே கதிதான். அன்று மேசைக்கு வந்த நிக்கோனின் திருகாணிகளை நான் பார்க்கவில்லை. பார்க்க விடவும் மாட்டார்கள்.

கடைக்குள் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8இல் எடுத்து, கமராவின் சின்னத் திரையில் காட்டினால் இந்தக் கோளாறு தெரியாது. எஃப் 2.8இலேயே எடுங்கள். காலையில் காலி முகத்திடலுக்குப் போய், கடலின் அடிவானக் கோடு படத்தின் மூலைக்கு மூலை சரிவாக ஓடும்படி ஒன்று, எதிர்ச்சரிவாக இன்னொன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் ஒரு முனை மட்டும் கரைந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். லென்ஸின் தொடர் இலக்கத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் ரசீது தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்; விவரம் கேட்கத் தொலைபேசி இலக்கம் 1977. ரசீது, இரண்டு இலக்கங்களின் படங்கள், செங்கற்சுவர்ப் படங்கள் எல்லாவற்றையும் இணைத்து என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. இதே பேச்சைக் கேட்டு அறுபது வீதத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருந்தால், மூன்று மாதம் முடியுமுன் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.