கூகுள் ஃபார்மா, பெயர்ப் பட்டியலா? ப்ராஜெக்ட் சர்வேக்கு எது தாங்கும்?

முதுகலை ப்ராஜெக்ட் என்றதும் எல்லோரும் கேட்பது ‘எத்தனை சாம்பிள்?’ என்றுதான், அதாவது மாதிரியாக எத்தனை பேரிடம் கேட்பது என்று. 100 போதுமா, 384 வேண்டுமா என்று சீனியர்களைத் துளைக்கிறோம். அந்த 100 பேர் யார், எப்படி நம் கைக்கு வந்தார்கள் என்பதைக் கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி. சதவீதம், கை ஸ்கொயர், பி மதிப்பு என்று அப்புறம் போடும் புள்ளியியல் கணக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

1,200 பேர் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, செல்போனும் தூக்கமும். இரவு 11 மணிக்கு வாட்ஸப் குழுவில் கூகுள் ஃபார்ம் லிங்கைப் போட்டால் காலைக்குள் 300 பதில் வந்துவிடும். செலவு கிடையாது, தட்டச்சு வேலை கிடையாது, எக்செல் கோப்பு தயார். ஆனால் அந்த 300 பேர் யார்? 11 மணிக்கு போனைக் கையில் வைத்திருந்தவர்கள். பத்து மணிக்கே தூங்கிப்போனவர் காலையில் எழுந்து பார்க்கும்போது லிங்க் இருநூறு மெசேஜுக்குக் கீழே போயிருக்கும். நீங்கள் எதை அளக்க வந்தீர்களோ அதுவே ஆளையும் தேர்ந்தெடுத்துவிட்டது. இனி எந்த மென்பொருளில் போட்டாலும் அந்தக் கோணல் நிமிராது.

இன்னொரு வழி, வார்டனிடம் கடிதம் கொடுத்துப் பெயர்ப் பட்டியலை வாங்குவது. காலி செய்து போனவர்களை முதலில் அடித்துவிடுங்கள், அந்தப் பெயர்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். மீதி 1,200 பேர், வேண்டியது 100 பேர் என்றால் பன்னிரண்டுக்கு ஒருவர். 1 முதல் 12 வரை சீட்டுக் குலுக்கி 7 வந்தால் 7, 19, 31, 43 என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். கஷ்டம் அதற்குப் பிறகுதான். 43-ஆம் பெயருக்குரிய அறை பூட்டியிருக்கும், மறுநாள் போனாலும் பூட்டியிருக்கும், பக்கத்து அறையில் ஒருவர் சும்மா உட்கார்ந்து ‘நான் நிரப்பித் தரட்டுமா?’ என்று அன்பாகக் கேட்பார். வாங்காதீர்கள். மூன்றாம் முறையும் போங்கள். அறையில் எப்போதும் கிடைப்பவரும் எப்போதும் கிடைக்காதவரும் ஒரே மாதிரி தூங்குபவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதில் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பார்க்க வேண்டும். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச் சீட்டு போன்ற ஒன்றை அஞ்சலில் அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்து. டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவுப் பட்டியலிலும் எடுத்த முகவரிகள் அவை, பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில் வசதியானவர்களின் முகவரிகள். மனமிருந்தவர் மட்டும் திருப்பி அனுப்பினார்கள் என்பது அதற்கு மேல் ஒரு கோணல். அவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

நடுவே ஒதுக்கீட்டு மாதிரி என்று ஒன்று உண்டு. ஆண் 50, பெண் 50, முதலாண்டு இத்தனை என்று பிரித்துக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் யார் கிடைத்தாலும் கேட்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் அதே கேலப் இப்படிப் போய்த்தான் டூயி ஜெயிப்பார் என்றார், ஜெயித்தது ட்ரூமன். கட்டத்துக்குள் யாரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளர் இஷ்டத்துக்கு விட்டது அந்தத் தவறுக்கு ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் 1950-இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் முயற்சியில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அந்த இஷ்டத்துக்கு இடமே வைக்கவில்லை. கிராமத்தையும் வாய்ப்பு முறையில்தான், அதாவது சீட்டுக் குலுக்குவது போல, எடுப்பார்கள், போனதும் வீடுகளைப் பட்டியலிட்டு அதிலிருந்தும் வாய்ப்பு முறையிலேயே எடுப்பார்கள்.

சரி, அந்த 384 எங்கிருந்து வந்தது? மிகப் பெரிய மக்கள்தொகையில் 95 சதவீத நம்பகத்தில் (இப்படி நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை பிழை எல்லைக்குள் நிற்கும்) கூட்டக்குறைய 5 சதவீதப் புள்ளி பிழை வேண்டும் என்றால் வரும் எண் அது. வாய்ப்பு முறையில் எடுத்தால் மட்டுமே அந்தச் சூத்திரம் பேசும். லிங்க் போட்டு 384 பேர் சேர்ந்தாலும் அந்த 5 என்பதை எழுத உங்களுக்கு உரிமை இல்லை. பட்டியலிலிருந்து எடுத்த 100 பேருக்குப் பிழை ஏறக்குறைய 10 புள்ளி வரும். பெரிதுதான், ஆனால் எவ்வளவு என்று தெரியும். அதைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும், மாணவருக்கு அது பெரும்பாலும் கட்டாது.

கூகுள் ஃபார்ம் மீது எனக்குக் கோபமில்லை. கேள்விகள் புரிகிறதா என்று இருபது பேரிடம் முன்சோதனை செய்ய அது அருமையான கருவி. பட்டியலில் தேர்ந்த 100 பேருக்கும் தனித்தனியாக லிங்க் அனுப்பி, நிரப்பாதவரை நேரில் தேடிப் போனால் அதுவும் வாய்ப்பு மாதிரிதான். குழுவில் வீசுவதில்தான் சிக்கல்.

ஏற்கெனவே வீசிவிட்டீர்கள், நாள் இல்லை என்றால் முறையியல் அத்தியாயத்தில் ‘எளிய வாய்ப்பு மாதிரி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கைக்கு எட்டியவர்களைக் கேட்டதால் ‘வசதி மாதிரி’ என்றே எழுதி, லிங்க் போட்ட நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலில் போனவர்களும் கணக்கை முழுசாகத் தர வேண்டும்: தேர்ந்தது 100, பதில் தந்தது 87, மூன்று முறை போயும் கிடைக்காதவர் 9, மறுத்தவர் 4 என்கிற மாதிரி. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எனக்கு ஒரு அறிக்கை வந்தால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.